டிசையர் எச்4 ஹெட்லைட்டுக்கு செனான் கிட் போடலாமா? டிம்ல வெளிச்சம் பத்தலை

அரசலாறு14

2014 டிசையர் டீசல். ஒரே பல்புல டிம்-பிரைட் ரெண்டும் வர்ற எச்4, 60/55 வாட். ஒயரிங்ல யாரும் கை வெச்சதில்லை. கும்பகோணம், நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் ராத்திரி ஓட்டம் அதிகம். டிம்ல போனா கொஞ்ச தூரத்துக்கு மேல இருட்டுதான். அறுவடை நேரத்துல பாதி ரோட்டுல நெல்லைக் காயப்போட்டு, பொழுது சாஞ்சதும் குவிச்சு, கறுப்புத் தார்ப்பாய் மூடி, சுத்திக் கல்லு வெச்சுட்டுப் போயிடறாங்க. கிட்ட வந்தப்புறம்தான் கண்ணுல படுது. பின்னாடி ஸ்டிக்கர்கூட இல்லாத கரும்பு டிரெய்லரும் அப்படித்தான்.

கடையில 55 வாட், 6000 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற எண்) எச்4 செனான் கிட் காட்டுறாங்க. பழைய பல்பைக் கழட்டி இதை மாட்டினா போதும், அரை மணி நேர வேலைன்னு சொல்றாங்க. 35 வாட் போதுமா, 55 வேணுமா? 4300 நல்லதா, 6000 நல்லதா? ஆல்டர்னேட்டர் தாங்குமா? பிரைட் ஒழுங்கா வேலை செய்யுமா?


தஞ்சை ஆட்டோ ஒயரிங்

கிட்டுக்குக் காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டர் எடுங்க சார். இன்ஜின் ஓடணும், டிம் எரியணும். முதல்ல பேட்டரி ரெண்டு முனையிலயும் வோல்டேஜ் பாருங்க. அடுத்து பல்பு பின்னாடி சாக்கெட் மாட்டியிருக்கும்போதே, ஒயர் நுழையற பக்கமா முள்ளை உள்ள விட்டு டிம் பின்னுக்கும் பொதுப் பின்னுக்கும் (டிம், பிரைட் ரெண்டுக்கும் பொதுவானது) நடுவுல பாருங்க. சாக்கெட்டைக் கழட்டிட்டு அளந்தா லோடு இருக்காது, பேட்டரி வோல்டேஜே காட்டும், ஏமாந்துடுவீங்க.

ரெண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள்ள இருந்தா ஒயரிங் நல்லா இருக்குன்னு அர்த்தம். பத்து வருஷம் ஆன வண்டியில ஒண்ணரை, ரெண்டு வோல்ட் காணாமப்போறது சகஜம். ஹாலஜன் பல்போட வெளிச்சம் வோல்டேஜோட சேர்ந்து நேர்க்கோட்டுல குறையாது, ஏறக்குறைய 3.4 மடி கணக்குல விழும். 10 சதவீதம் வோல்டேஜ் போனா 30 சதவீதம் வெளிச்சம் போச்சு. பேட்டரியில 14.0, பல்புல 12.2ன்னு இருந்தா, வர வேண்டிய வெளிச்சத்துல 63 சதவீதம்தான் ரோட்டுக்கு வருது. மஞ்சளா, சோகையா எரியறதுக்குக் காரணம் பெரும்பாலும் பல்பு இல்லை.

இதுக்கு வைத்தியம் ரிலே ஒயரிங். ரிலேன்னா சின்னக் கரண்ட்டால பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கற சுவிட்ச். 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே ரெண்டு, டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணு. ரிலே முனைகள்ல நம்பர் போட்டிருக்கும். ரெண்டுலயும் 30ம் நம்பர் முனைக்கு பேட்டரி பிளஸ்ல இருந்து நேரா 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர். பேட்டரி முனையில இருந்து ஒரு சாணுக்குள்ள 15 ஆம்பியர் ஃபியூஸ், ஒவ்வொரு ரிலேவுக்கும் தனித்தனியா. 87ல இருந்து ரெண்டு பக்க பல்புக்கும். இடது பக்க பழைய சாக்கெட்டுல வர்ற டிம், பிரைட் லைன்கள் இனிமே ரிலேயோட 86ஐ மட்டும் தட்டி எழுப்பும், 85 எர்த். வலது பக்க பழைய சாக்கெட் சும்மா கிடக்கும். டேப் சுத்தி, வாய் கீழ் பார்த்த மாதிரி கட்டி வைங்க. புது ஹோல்டர் செராமிக்கா இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். 55 வாட் ரெண்டு சேர்ந்து 13.5 வோல்ட்ல 8 ஆம்பியர் சொச்சம். அந்தக் கரண்ட் ஸ்டியரிங் சுவிட்ச் வழியா போகாம இருந்தாலே சுவிட்சுக்கும் ஆயுசு கூடும்.

ஒரு எச்சரிக்கை. ஜப்பான் டிசைன் வண்டிகள் சிலதுல ஹெட்லைட் சுவிட்ச் பிளஸ்ஸை வெட்டாது, எர்த்தை வெட்டும். சாக்கெட்டுல லைட் அணைச்சிருக்கும்போதே பொதுப் பின்னுல 12 வோல்ட் வந்தா உங்க வண்டி அந்த ஜாதி. கடையில விக்கற ரெடிமேட் ரிலே கிட் பெரும்பாலும் பிளஸ் சுவிட்ச்சுக்குச் செஞ்சது. அதை அப்படியே மாட்டினா ரிலே தட்டாது, இல்லேன்னா அணையாது. 85-86ஐ மாத்திக் கட்டணும். கிட் தப்புன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போறவங்க பாதிப் பேர் இதைப் பார்க்காதவங்கதான்.

ஆல்டர்னேட்டர் கவலையை விடுங்க. 35 வாட் செனான், பாலாஸ்ட் (குழாய்க்கு உயர் வோல்டேஜ் குடுக்கற பெட்டி) இழப்போட சேர்த்து ஹாலஜனைவிடக் குறைவாத்தான் இழுக்கும்.


மன்னை லோடு

அண்ணே, ஊர்ல பாதி வண்டியில இந்தக் கிட்தான் ஓடுது. போட்டா பகல் மாதிரி இருக்கும். எதிர்ல வர்றவன் டிம் அடிக்காம வந்தா நம்மளும் என்ன பண்றது? 6000 போடுங்க, சூப்பரா வெள்ளையா இருக்கும்.


கொள்ளிடக்கரை

மன்னை லோடு தம்பிக்கு: பகல் மாதிரி தெரியறது பம்பர்ல இருந்து பத்துப் பதினஞ்சு மீட்டர் வரைக்கும். அரசலாறு சார் கேட்கறது அறுபது மீட்டருக்கு அப்பால இருக்கற தார்ப்பாய். ரெண்டும் ஒண்ணில்லை. கிட்டத்துத் தரை பளீர்னு இருந்தா கண்மணி சுருங்கும், தூரம் இன்னும் இருட்டாத் தெரியும். ஓட்டறவருக்கு வெளிச்சம் கூடின மாதிரி இருக்கும், பார்வை குறைஞ்சிருக்கும். ஆபத்து அங்கதான்.

எச்4 பல்புக்குள்ள ரெண்டு இழை. டிம் இழைக்கு அடியில ஒரு சின்ன உலோகக் கிண்ணம் உண்டு. அது கீழ்ப்பக்க வெளிச்சத்தை மறைக்கறதால ரிஃப்ளெக்டரோட மேல் பாதி மட்டும் வேலை செஞ்சு, கதிரைத் தரைப்பக்கம் அனுப்புது. டிம்முக்கு மேல் விளிம்புல ஒரு கோடு வெட்டின மாதிரி வருதே, கட்-ஆஃப், அது இந்தக் கிண்ணத்தோட வேலை. செனான் குழாயில இழையே கிடையாது. ரெண்டு எலக்ட்ரோடுக்கு நடுவுல 4 மி.மீ. சொச்சத்துக்கு ஒரு மின்வில் எரியுது, அதுவும் மேல் பக்கமா லேசா வளைஞ்சு. வெளிச்சம் புறப்படற இடமும் வடிவமும் மாறினா ரிஃப்ளெக்டர் போட்ட கணக்கெல்லாம் போச்சு. எச்4 கிட்டுல ஒரு தகரக் குல்லாய் வெச்சிருப்பாங்க, குழாயை முன்னும் பின்னும் காந்தம் இழுத்து டிம்-பிரைட் மாத்தும். தகரம் அரை மி.மீ. நகர்ந்தாலே கட்-ஆஃபுக்கு மேல வெளிச்சம் கசியும். வெளிச்ச அளவை லுமன்ல சொல்வாங்க. எச்4 டிம் 1000 லுமன், டி2எஸ்ங்கற செனான் குழாய் வகை 3200 லுமன். மூணு மடங்கு வெளிச்சத்துல கசியறதும் மூணு மடங்கு.

இது எதிர்ல வர்றவர் பிரச்சினை மட்டும்னு நினைக்காதீங்க. மார்கழி, தை விடியல்ல ஆத்தங்கரையில பனி இறங்கினா மேல கசியற அத்தனையும் பனியில பட்டு உங்க கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே வெள்ளைச் சுவர். வெண்ணாறு, வெட்டாறு கரையில தடுப்புக் கம்பி இல்லாத இடத்துல அது எங்க கொண்டுபோய் விடும்னு சொல்ல வேண்டியதில்லை.

நிறம் பத்தி: கம்பெனியில செனானோட வர்ற கார்கள்ல 4300 கெல்வின் வாக்குலதான் இருக்கும். 6000க்குப் போனா அதே வாட்டுல லுமன் குறையும், 8000ல இன்னும் குறையும், நீலம்தான் கூடும். ஈரத் தார் ரோட்டுல நீல வெளிச்சம் போட்டா போட்ட மாதிரியே இருக்காது. 55 வாட் பாலாஸ்ட் 35 வாட் குழாயை அடிச்சு ஓட்டும். சூடு அதிகம், குழாய் ஆயுசு குறைவு, ரிஃப்ளெக்டர் பாலிஷ் பொசுங்கி மங்கும். ஒருமுறை மங்கின ரிஃப்ளெக்டரை மறுபடி பளபளப்பாக்க முடியாது, ஹவுசிங்கையே மாத்தணும்.

உங்க ஹெட்லைட் கண்ணாடியில பொடி எழுத்து அச்சாகியிருக்கும், பாருங்க. எச்.சி.ஆர். இருந்தா ஹாலஜன் டிம்முக்கும் பிரைட்டுக்கும் ஒப்புதல் வாங்கினது. டி.சி.ஆர். இருந்தாத்தான் செனானுக்குன்னு செஞ்சது.


வெட்டாறு புரொஜெக்டர்

கொள்ளிடக்கரை சொன்னது முழுக்கச் சரி, ஆனா அதனால செனானே ஆகாதுன்னு முடிவு கட்ட வேண்டாம். செனானுக்கு உரிய இடம் புரொஜெக்டர். வில்லுக்கு முன்னாடி ஒரு உலோகத் தடுப்பு, அதுக்கு முன்னாடி குவிலென்ஸ். கட்-ஆஃப் கத்தி வெட்டின மாதிரி விழும். டிம், பிரைட் ரெண்டும் ஒரே குழாய்ல வர்ற பை-செனான் வகையில பிரைட் போட்டா ஒரு சோலினாய்டு (மின்காந்தம்) அந்தத் தடுப்பைக் கீழே இறக்கும். குழாய் அணையறதே இல்லை.

எச்4 ஹவுசிங்குக்கு 2.5 அங்குல புரொஜெக்டர் பொருந்தும். பின்பக்கம் மரை போட்ட தண்டு இருக்கற வகையா வாங்கினா பல்பு ஓட்டை வழியா நுழைச்சு பின்னாடி நட் போட்டு இறுக்கலாம், ரிஃப்ளெக்டரை வெட்ட வேண்டாம். வாங்கறதுக்கு முன்னாடி பல்பு ஓட்டையில இருந்து முன் கண்ணாடி வரைக்கும் ஆழத்தை அளந்துக்கோங்க. லென்ஸ் முன் கண்ணாடியில இடிச்சா மூட முடியாது.

பிரிக்கறதுக்கு ஹவுசிங்கைக் கழட்டி, ஸ்க்ரூ, கிளிப், பல்பு, ரப்பர் மூடி எல்லாம் எடுத்துட்டு விளிம்பைச் சூடாக்கணும். கண்ணாடியை ஹவுசிங்ல ஒட்டியிருக்கற பியூட்டைல் பசை 100 டிகிரி வாக்குல இளகும். முன் கண்ணாடி பாலிகார்பனேட், 140ஐத் தாண்டினா வடிவம் போயிடும். ஹாட் ஏர் கன்னை ஒரே இடத்துல நிறுத்தாம விளிம்பு முழுக்க ஓட்டுங்க. தட்டையான பிளாஸ்டிக் நெம்பியால ஒரு மூலையில ஆரம்பிச்சு, இளகினது இளகினபடி பிரிங்க. இறுகிக் கல்லாயிடற பசை போட்ட ஹவுசிங் சூட்டுக்கு இளகாது, அதை வெட்டித்தான் எடுக்கணும். அந்த மாதிரி வந்தா விட்டுடறது நல்லது.

புரொஜெக்டரைக் கைப்பிடி இறுக்கத்துல வெச்சு, ஹவுசிங்கை வண்டியில மாட்டி, சுவர்ல அடிச்சுப் பாருங்க. கட்-ஆஃப் கோடு சாய்ஞ்சிருந்தா புரொஜெக்டரைத் திருப்பி நேராக்கின அப்புறம்தான் நட்டை முழுசா இறுக்கணும். மூடினப்புறம் சாய்வைக் கண்டுபிடிச்சா மறுபடி சூடாக்கிப் பிரிக்கற வேலை. இன்னொண்ணு: நம்ம ஊர்ல இடப்பக்கம் ஓட்டறோம், அதனால கட்-ஆஃப் கோட்டோட ஏறுமுகம் இடப்பக்கம் இருக்கணும். ஐரோப்பா, அமெரிக்கா வண்டியில இருந்து கழட்டினது மலிவாக் கிடைக்கும். அதுல வலப்பக்கம் ஏறும், எதிர்ல வர்றவர் முகத்துக்கு நேரா. பழைய ஹெட்லைட் மொத்தமா வாங்கினா கண்ணாடியில அம்புக்குறி பாருங்க. லைட்டுக்கு எதிரே நின்னு பார்க்கும்போது அம்பு வலது பக்கம் காட்டினா இடப்பக்க ஓட்டத்துக்கு. அம்பே இல்லேன்னா நமக்கு ஆகாது.

குழாய் டி2எஸ்னே வாங்கணும். டி2ஆர்னா கண்ணாடியில கறுப்புப் பட்டை இருக்கும், அது ரிஃப்ளெக்டருக்கு; புரொஜெக்டர்ல போட்டா வெளிச்சம் வீண். 35 வாட், 4300. கையால குழாயைத் தொடாதீங்க, விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டுல வெந்து வெடிக்கும்.

ஒயரிங்ல எல்லாரும் மாட்டிக்கற இடம் ஒண்ணு. எச்4 வண்டியில பிரைட் போட்டா டிம் லைன் செத்துடும். பை-செனானுக்கு ரெண்டு நேரத்துலயும் குழாய் எரியணும். அதனால டிம் லைன், பிரைட் லைன் ரெண்டையும் ஆளுக்கொரு 1என்4007 டயோடு (ஒரே திசையில மட்டும் கரண்ட் விடறது) வழியா ஒரே ரிலேயோட 86க்குக் கொண்டுவரணும். பிரைட் லைன்ல இருந்து சோலினாய்டுக்குத் தனி ரிலே. டயோடு இல்லாம நேரா சேர்த்துக் கட்டினா டிம் போட்டாலே சோலினாய்டும் தட்டும், எப்பவும் பிரைட்டுதான். இது பிளஸ் சுவிட்ச் வண்டிக்கு. எர்த் சுவிட்ச்னா டயோடு திசையைத் திருப்பணும்.

பாலாஸ்ட் ஸ்டார்ட் ஆகற சில நொடி ஒவ்வொண்ணும் 10 ஆம்பியருக்கு மேல இழுக்கும், அப்புறம் 3, 3.5க்கு இறங்கிடும். ரெண்டுக்கும் சேர்த்து 4 சதுர மி.மீ. ஒயர், 30 ஆம்பியர் ஃபியூஸ், 40 ஆம்பியர் ரிலே. பழைய ஒயரிங்லயே பாலாஸ்ட்டைக் கோத்தா ஒரு பக்கம் எரிஞ்சு ஒரு பக்கம் எரியாம நிக்கும், அணைச்சுப் போட்டா எரியும். பாலாஸ்ட் கெட்டுப்போச்சுன்னு மாத்துவாங்க; குறை அந்த நொடியில வோல்டேஜ் விழறதுதான். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினப்புறம் லைட்டைப் போடுங்க.


நாகை உப்புக்காத்து

ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு.

பாலாஸ்ட்ல இருந்து குழாய்க்குப் போற ஒயர்ல ஸ்டார்ட் ஆகும்போது 20,000 வோல்ட்டுக்கு மேல வரும். லைட் போட்டிருக்கும்போது கையே வைக்கக் கூடாது. பேட்டரி மைனஸைக் கழட்டிட்டுத்தான் தொடணும். அந்த ஒயரை நீட்டி ஒட்டுப் போடறது, டேப் சுத்தறது எல்லாம் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில தண்ணி தேங்கின ரோட்டுல போனா பம்பருக்குப் பின்னாடி தண்ணி ஏறும். பாலாஸ்ட்டை அங்க கட்டாம ஹெட்லைட் உயரத்துக்கு மேல, இன்ஜின் சூடு படாத உலோகத்துல, கனெக்டர் கீழ் பார்க்க, ஒயர் ஒரு வளைவு தொங்கி மேலேறற மாதிரி பிடிங்க. வேளாங்கண்ணி, நாகை, தரங்கம்பாடி பக்கம் வண்டி நிக்கறதுன்னா எர்த் முனையில பச்சை பூக்கும். ஒயர் முனையில மாட்டற லக்கை நசுக்கி இறுக்கி (கிரிம்ப்), மின்சாரக் கிரீஸ் தடவுங்க. ஹவுசிங் பின்னாடி காத்துப் போற சின்னக் குழாய் ரெண்டு இருக்கும். தண்ணி வருதுன்னு அதைப் பசை வெச்சு அடைக்கறவங்க உண்டு. அடைச்சாத்தான் உள்ளே வேர்க்கும்.

ரெண்டாவது, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பை மீறி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 திருத்தத்துல வந்த 182ஏ(4) படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். எச்4 செனான் கிட், புரொஜெக்டர் மாற்றம் ரெண்டுமே இதுல வரும். புரொஜெக்டர்னா கண் கூசாது, அதுக்காக சட்டப்படி ஆயிடாது. ஐரோப்பிய விதியில 2000 லுமனுக்கு மேல போற டிம் லைட்டுக்குத் தானா உயரம் சரிபண்ற அமைப்பும் கண்ணாடி கழுவற பீச்சும் கட்டாயம். பின் சீட்டுல நாலு பேர் ஏறினா மூக்கு தூக்கும், கண்ணாடியில அழுக்கு இருந்தா வெளிச்சம் சிதறும். செனான்ல ரெண்டுமே எதிரே வர்றவரைக் குருடாக்கும். நம்ம பக்கம் நெல் பால் பிடிக்கற சமயத்துல பச்சைத் தத்துப்பூச்சி லைட்டைத் தேடி வந்து கண்ணாடி முழுக்க அப்பும். அறுவடை மிஷின் ஓடற ஊரைத் தாண்டினா சுணைத் தூசி. உலர்ந்த துணியால தேய்க்காதீங்க, கீறல் விழும். ஈரத்துணி போட்டு ஊற விட்டுத் துடைங்க.


அரசலாறு14

மீட்டர் வெச்சுப் பார்த்தேன். பேட்டரியில 14.1, டிம் எரியும்போது இடது பல்புல 12.3, வலதுல 12.5. அணைச்சிருக்கும்போது பொதுப் பின்னுல வோல்டேஜ் இல்லை. கண்ணாடியில எச்.சி.ஆர். இருக்கு. கண்ணாடி மஞ்சள் பூத்து மங்கலாத்தான் இருக்கு. முதல்ல எதைச் செய்யறது? 100/90 வாட் பல்பு போட்டா?


தஞ்சை ஆட்டோ ஒயரிங்

பிளஸ் சுவிட்ச் வண்டி, ரெடிமேட் ரிலே கிட் அப்படியே பொருந்தும். 100/90 வேண்டாம் சார். அதுவும் விதிக்கு வெளியே. பிரைட்ல ரெண்டும் சேர்ந்து 15 ஆம்பியர், சூட்டுல ரிஃப்ளெக்டர் மங்கும்.

முதல்ல கண்ணாடி. ஹவுசிங் ஓரத்துப் பெயின்ட்டுல டேப் ஒட்டிட்டு, 800 தண்ணிப் பேப்பர்ல ஆரம்பிச்சு 1500, 2000, 3000. ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கற திசையை மாத்துங்க, முந்தின கீறல் முழுக்கப் போனப்புறம்தான் அடுத்தது. கடைசியா பாலிஷ். அதோட விட்டா சில மாசத்துல மறுபடி மஞ்சள் அடிக்கும், ஏன்னா கம்பெனி போட்ட புற ஊதாப் பூச்சையும் சேர்த்துத்தானே தேய்ச்சு எடுத்தோம். பாலிகார்பனேட்டுக்குன்னு விக்கற யு.வி. கிளியர் கோட் அடிக்கணும். பற்பசை வெச்சுத் தேய்ச்சா ஒரு வாரம் மினுக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் ரிலே. எர்த்தையும் மறக்காதீங்க. உங்க 1.8 வோல்ட்ல எவ்வளவு எர்த் பக்கம் போகுதுன்னு பேட்டரி மைனஸுக்கும் பல்போட எர்த் பின்னுக்கும் நடுவுல அளந்தா தெரிஞ்சுடும். 0.2க்கு மேல காட்டினா ரெண்டு பல்புக்கும் 2.5 ஒயர்ல தனி எர்த் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோங்க. ரிலே போட்டப்புறம் பல்புல 13.8 வாக்குல நிக்கும். பழைய பல்பு கறுத்திருந்தா புது 60/55 போடுங்க. அட்டையில பிளஸ் 130, பிளஸ் 150ன்னு போட்டிருக்கறது கதிர்ல சில இடத்துக்கு மட்டும் பொருந்தற கணக்கு, மொத்த லுமன் விதிக்குள்ளதான். இழை மெல்லிசு, அதனால ஆயுசும் குறைச்சல். ரிலேயோட சேர்ந்தா சீக்கிரமே போகும். 5 சதவீதம் வோல்டேஜ் ஏறினா ஆயுசு ஏறக்குறைய பாதி. சாதாரண நல்ல பிராண்டே போதும், டேஷ்போர்டுல ஒரு ஜோடி உபரி வெச்சுக்கோங்க.

கடைசியா குறி பார்க்கறது. டயர்ல காத்து சரியா, ஓட்டுநர் சீட்டுல ஒரு ஆள், டேஷ்போர்டுல ஹெட்லைட்டை ஏத்தி இறக்கற லெவல் சக்கரம் 0ல. முதல்ல அந்தச் சக்கரம் எதுல இருக்குன்னு பாருங்க, எவ்வளவோ வண்டி 3லயே கிடக்கு. சமதளத்துல சுவர்ல இருந்து 10 மீட்டர்ல நிறுத்தி, ஹெட்லைட் நடு உயரத்தை அளந்து, அதைவிட 10 செ.மீ. கீழே சுவர்ல கோடு போடுங்க. கட்-ஆஃப் அந்தக் கோட்டுல உட்காரணும், அதுதான் 1 சதவீதச் சாய்வு. ஹவுசிங்ல வேற சதவீதம் அச்சாகியிருந்தா அதன்படி. உயரம் 65 செ.மீ.ன்னா 1 சதவீதத்துல டிம் 65 மீட்டர் எட்டும். 3 சதவீதம் இறங்கியிருந்தா 22 மீட்டரோட முடிஞ்சுடும். தார்ப்பாய் கிட்ட வந்தப்புறம் தெரியறதுக்கு இதுவும் காரணமா இருக்கலாம்.


மன்னை லோடு

கோடு போட்ட சுவர்ல இருந்து 10 மீட்டர் சமதளம் நம்ம ஊர்ல எங்கண்ணே கிடைக்குது?


தஞ்சை ஆட்டோ ஒயரிங்

பெட்ரோல் பங்க் தளம், நெல் கொள்முதல் நிலையத்து சிமென்ட் களம், கல்யாண மண்டப வாசல். களத்துல மழைத்தண்ணி வடியறதுக்கு லேசாச் சரிவு விட்டிருப்பாங்க. சரிவுக்குக் குறுக்கா நிறுத்துங்க, நெட்டுவாக்குல நிறுத்தினா அளவு தப்பும். 10 மீட்டர் இல்லேன்னா 5 மீட்டர்ல 5 செ.மீ.ன்னு வெச்சுக்கலாம், துல்லியம் கொஞ்சம் குறையும்.